படகோட்டியின் படம் யார் வீட்டில்?

கேள்வி-பதில்: கண்டெடுத்த படங்கள்

கே: காயலான் கடையில் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு குடும்ப ஆல்பம் கிடைத்தது. பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களின் படங்கள். யாரென்றே தெரியவில்லை. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?
– பழைய புத்தக வியாபாரி, பொன்னேரி

ப: ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள். சொந்த ஆல்பத்தைத் திறந்தால் நாம் முதலில் தேடுவது நம் முகத்தை. அது சரியாக விழவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அந்நியர் ஆல்பத்தில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எல்லாமே கண்ணில் படுகிறது. புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்கும் பையன், டிபன் கேரியரை மடியை விட்டு இறக்காத பாட்டி, போட்டோவுக்காக ஒரு நிமிடம் சண்டையை நிறுத்தி வைத்த அக்கா தங்கை. உங்கள் வீட்டிலும் இதே பாட்டி இருந்திருப்பார். பெயர் மட்டும்தான் வேறு.

கே: விலை கொடுத்து வாங்கினால் ஆல்பம் வாங்கியவருக்குத்தானே சொந்தம்?
– சட்டக் கல்லூரி மாணவர், திருவள்ளூர்

ப: அவர் கொடுத்தது காகிதத்தின் விலை. சட்டம் படிக்கிறீர்கள், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-வது பிரிவைப் பாருங்கள். பிறர் தொலைத்த பொருளைக் கண்டெடுத்துக் கைவசம் வைத்துக்கொள்பவருக்கு, அதை நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பெற்றவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. தன் பொருளைப் பார்த்துக்கொள்வதைப் போலவே அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காயலான் கடைக்கு வந்ததை வீட்டுக்காரர் தெரிந்தே எடைக்குப் போட்டிருக்கலாம். வீடு மாற்றும் அவசரத்தில் யாரோ பிரித்துப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். எது உண்மை என்று தெரியாதவரை, வாங்கியவர் அந்த ஆல்பத்தின் காவலர். முதலாளி என்று சொல்லிக்கொள்ள அவசரம் வேண்டாம்.

கே: காப்புரிமை யாருக்கு? படம் எடுத்தவருக்கா, படத்தில் இருப்பவருக்கா?
– போட்டோகிராபர், மணலி

ப: பொதுவாக எடுத்தவருக்கு. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் இந்த வகை. படத்தில் இருப்பவரின் மானம், அந்தரங்கம் என்பது தனிக் கணக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கண்டெடுத்தவர் இந்தப் பட்டியலில் எங்கே என்றுதானே அடுத்த கேள்வி? எங்குமே இல்லை.

கே: படத்தின் பின்புறம் ஒரு எழுத்துகூட இல்லை. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்மிடிப்பூண்டி

ப: முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். சுற்றுலாப் படத்தின் அழகே அதுதான். அந்த இடத்துக்குத்தான் வந்தோம் என்று காட்டுவதற்காகவே அந்த இடத்தையும் சேர்த்து எடுத்திருப்பார்கள்.

கன்னியாகுமரிப் படத்தில் விவேகானந்தர் பாறையில் மண்டபம் இருந்தால் 1970 அல்லது அதற்குப் பிறகு. பக்கத்துப் பாறையில் வள்ளுவர் நிற்கிறாரா? 2000 அல்லது அதற்குப் பிறகு. மண்டபம் இருந்து பக்கத்துப் பாறை காலியாக இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். மெரினாவில் கண்ணகி சிலை 1968-ல் வந்தது, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது, 2006-ல் திரும்பி வந்தது. அண்ணாசாலையின் எல்ஐசி கட்டடம் 1959-ல் திறந்தது. பாம்பன் சாலைப் பாலம் 1988. காரின் நம்பர் பலகை ‘டிஎன்’ என்று தொடங்கி அடுத்து மாவட்ட அலுவலக எண் வந்தால் 1989-க்குப் பிறகு. கடைப் பலகையில் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன்பு. ஆனால் கடைக்காரர் பலகை மாற்றச் சோம்பல்பட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாளும் பேசும். ஓரம் சிறு சிறு பல்லாக வெட்டப்பட்ட கருப்பு வெள்ளைப் படம் பெரும்பாலும் 1960-களோடு முடிந்த வழக்கம். நிறமெல்லாம் வெளிறிச் சிவப்போடிய வண்ணப் படம் 70-கள், 80-களின் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் வேலை மிச்சம். ஆனால் பல கேமராக்களில் அந்தத் தேதியை யாரும் சரியாக வைத்ததில்லை.

கே: பழவேற்காட்டுக்கென்று தனித் தடயம் உண்டா?
– கல்லூரி மாணவி, எண்ணூர்

ப: வானத்தைப் பாருங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971-ல் ஆய்வு ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கின. எஸ்எல்வி-3 முதன்முதலாக 1979-ல் கிளம்பியது. படத்தின் மேல் ஓரத்தில் வெள்ளைப் புகைக்கோடு இருந்தால் அது அதிர்ஷ்டம். ஏவிய நாட்களெல்லாம் பதிவில் இருப்பதால் ஆண்டு மட்டுமல்ல, தேதியையே நெருங்கிவிடலாம். பூநாரைக் கூட்டம் தெரிந்தால் பெரும்பாலும் பனிக்காலம். கரையில் வரிசையாக பைபர் படகுகள் நின்றால், 2004 சுனாமிக்குப் பிந்தைய காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். நிவாரணத்தோடுதான் அவை இந்தக் கரைக்குப் பெரிய எண்ணிக்கையில் வந்தன.

கே: ஒரு படத்தில் குடும்பமே எலும்புக்கூடு செதுக்கிய தூண் பக்கத்தில் நின்று சிரிக்கிறதே! எந்த இடம்?
– இல்லத்தரசி, ஆவடி

ப: பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்ட வாசல். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் வணிகத்துக்குத் தலைமையிடம் இதுதான். கோட்டை அழிந்து மேடாகிவிட்டது. கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பெயரும் ஊரும் குலச்சின்னமும் வெட்டிய கற்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே படுத்திருக்கின்றன. அந்தப் பெயர்களை உச்சரிக்கத் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் கற்கள் நிற்கின்றன. யாரென்று தெரியாதவரின் நினைவையும் பத்திரமாக வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கே: பழைய சுற்றுலா ஆல்பங்களில் அம்மா, குழந்தைகள், சித்தி எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா மட்டும் இல்லை. ஏன்?
– தனியார் நிறுவன ஊழியர், அம்பத்தூர்

ப: இருக்கிறார். கீழே பாருங்கள், மணலில் ஒரு நிழல் நீண்டு வந்து குழந்தைகளின் காலைத் தொடும். பழைய கேமராவுக்கு வெயில் நிறைய வேண்டும். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பதுதான் அன்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம். அதனால்தான் அப்பாவின் நிழல் படத்துக்குள் வருகிறது, எதிரே நிற்பவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள்.

கே: ஸ்டூடியோப் படத்தில் உம்மென்று நிற்கும் அதே தாத்தா, ஏரிக்கரைப் படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார். எப்படி?
– பத்தாம் வகுப்பு மாணவி, மீஞ்சூர்

ப: ஸ்டூடியோவில் எதிரே நின்றவர் அந்நியர், ‘அசையாதீங்க’ என்று அதட்டியவர். ஏரிக்கரையில் எதிரே நின்றவர் மகன். முகம் யாரைப் பார்க்கிறதோ, அவர்தான் படத்தின் பாதி.

கே: நான் வாங்கிய ஆல்பத்தைப் பற்றி மேலே எழுதியிருந்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஏறக்குறைய எல்லாப் படகுப் படங்களிலும் ஓரத்தில் ஒரு மனிதர் கழியோடு நிற்கிறார். சிலவற்றில் பாதி முகம், சிலவற்றில் கை மட்டும். யார் அவர்?
– அதே வியாபாரி, பொன்னேரி

ப: நல்ல வேளை, விட்டுப்போனது திரும்பி வந்தது. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமானது இதுதான்.

அவர் படகுக்காரர். கோட்டைக்குப்பமோ, ஆண்டிக்குப்பமோ, நடுவூர் மாதா குப்பமோ அவர் ஊராக இருக்கலாம். வாரம் முழுக்க இறாலுக்கும் மடவைக்கும் வலை போட்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் குடும்பங்களை ஏற்றி முகத்துவாரம் வரை கூட்டிப்போனவர். ஆழமில்லாத ஏரி என்பதால் கழியை ஊன்றித் தள்ளியே போகலாம். குடும்பம் படகின் நடுவில் உட்காரும். கேமரா நடுவைப் பார்க்கும். ஓரத்தில் நின்றவர் தற்செயலாக உள்ளே வந்தார். வேண்டாம் என்றோ எடுங்கள் என்றோ அவரை யாரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படகுக்காரர் பல ஆண்டுகள் தொழில் செய்தால் எத்தனை குடும்பங்களின் ஆல்பத்தில் இருப்பார்! சென்னை, வேலூர், பெங்களூரு வீடுகளின் பீரோக்களில் அவர் இளைஞராக, நடுவயதுக்காரராக, நரைத்தவராக வரிசையாக இருக்கிறார். அவர் வீட்டிலோ அவர் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். தொலைந்த குடும்பப் படம் என்றால் சுற்றுலா வந்தவர் தொலைத்த படம் என்றே நினைக்கிறோம். குப்பத்துக் குடும்பத்தின் தொலைந்த படம், அந்தச் சுற்றுலாக்காரர் பத்திரமாக வைத்திருக்கும் ஆல்பத்துக்குள் இருக்கிறது.

கே: மீனவர் வீடுகளில் படமே இல்லை என்பது மிகையல்லவா?
– வங்கி ஊழியர், திருவொற்றியூர்

ப: இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நான் சொல்வது அதற்கு முந்தைய தலைமுறை. கல்யாணத்துக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று, திருவிழாவுக்கு வந்த கேமராக்காரர் எடுத்தது ஒன்று என்று விரல்விட்டு எண்ணும் படங்கள்தான் பல வீடுகளில் இருந்தன. அவையும் ஓலை வீட்டின் ஈரத்திலும் உப்புக் காற்றிலும் பூஞ்சை பிடித்தன. 2004 டிசம்பர் 26 காலை, கடலோரக் குப்பங்களில் இருந்தவற்றில் பலவற்றை அலை எடுத்துக்கொண்டது. யாராவது காலமானால் மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று வீடு வீடாகத் தேடுவார்கள். கடைசியில் யாரோ ஒருவர் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர் சட்டை வரைந்து தருவார். அந்த வீட்டுக்கு, அவர் படகில் கழியோடு நிற்கும் ஒரு படம் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்!

கே: அலை கொண்டுபோன படங்களை யாராவது திரும்பச் சேர்த்திருக்கிறார்களா?
– மீன் ஏலக்காரர், பழவேற்காடு

ப: ஜப்பானில் செய்தார்கள். 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு, இடிபாடுகளில் மீட்புப் பணி செய்தவர்கள் சேற்றில் கிடந்த ஆல்பங்களையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொரு படமாகக் கழுவிக் காயவைத்தார்கள். ரிக்கோ நிறுவனம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஸ்கேன் செய்து, ஊர்க்காரர்கள் வந்து தேடிப் பார்க்க ஏற்பாடு செய்தது. அவற்றில் சுமார் 90,000 படங்கள் உரியவர் கைக்குப் போயின. வீடு போய், ஆள் போய் நின்றவர்கள் ஏன் படத்தைத் தேடினார்கள் என்று கேட்கத் தேவையில்லை. வீட்டைத் திரும்பக் கட்டலாம். 1982-ல் எடுத்த படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கே: ஈரமான ஆல்பம் கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஊராட்சி நூலகர், திருவள்ளூர் மாவட்டம்

ப: முதலில், வெயிலில் போடாதீர்கள். சுருண்டு வெடித்துவிடும். சேறு பட்ட ரசாயன அச்சுப் படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசுங்கள். படப் பரப்பில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். நீரில் ஊறவிட்டால் தானாகவே விலகக்கூடும். பிறகு நிழலில், படம் மேலே பார்க்கும்படி பரப்பிக் காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் செய்யாவிட்டால் பூஞ்சை முந்திக்கொள்ளும். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு பிரீசரில் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். வீட்டு பிரிண்டரில் மையால் அச்சடித்ததை நீரில் போடாதீர்கள், கரைந்துவிடும். லேமினேஷன்? வேண்டவே வேண்டாம். அதற்குள் போனதைப் பிறகு சேதமில்லாமல் வெளியே எடுக்க முடியாது.

கே: கேமராவே ஏரியில் விழுந்துவிட்டால்?
– ஐடி ஊழியர், சிறுசேரி

ப: கேமரா போனாலும் மெமரி கார்டு பிழைக்கலாம். நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, முழுவதும் உலர்ந்த பிறகே கணினியில் செருகுங்கள். 2018-ல் தைவான் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போன பள்ளிப் பிள்ளைகளுக்கு, கொட்டலசு அப்பிக் கல்லைப் போலக் கிடந்த ஒரு பொருள் கிடைத்தது. உள்ளே தண்ணீர் புகாத உறையில் ஒரு கேமரா இருந்தது, அதில் சார்ஜ்கூட மிச்சம் இருந்தது! ஜப்பானின் இஷிகாகி தீவுக் கடலில் ஒரு மாணவி இரண்டரை ஆண்டுகளுக்கு முன் தொலைத்தது அது. சிறுவர்களும் ஆசிரியரும் சில படங்களை வெளியிட்டு அவரைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த படங்களைப் பார்க்கலாமா கூடாதா என்று பிள்ளைகள் முதலில் விவாதித்தார்களாம். பெரியவர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: கண்டெடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரே நாளில் ஆள் கிடைத்துவிடாதா?
– ஆட்டோ ஓட்டுநர், பொன்னேரி

ப: கிடைக்கலாம். கூடவே வேண்டாதவரும் கிடைப்பார். மூன்று விதிகள். குழந்தைகளின் முகத்தைப் போடாதீர்கள். இடம் தெரியும் ஒரு படத்தை மட்டும் போட்டு, கிடைத்த இடத்தைச் சொல்லுங்கள். ஒரு அடையாளத்தை – ஆல்பம் அட்டையின் நிறம், பின்புறம் எழுதிய பெயர் – வெளியிடாமல் கையில் வைத்திருங்கள். கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும், பிறகு கொடுங்கள்.

கே: 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரிக்கு வந்தவர்களை நினைத்தால், பழவேற்காட்டுச் சுற்றுலாப் படம் எதையும் பார்க்க மனம் வருவதில்லை.
– பெயர் வேண்டாம், கும்மிடிப்பூண்டி

ப: புரிகிறது. அன்று படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு இங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றாத, எல்லோருக்கும் உயிர்காப்பு உடை கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் எந்தப் படமும் எடுக்கத் தகுந்ததல்ல. ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. யாருடைய கடைசிப் படம் எது என்று கண்டெடுப்பவருக்குத் தெரியாது. சாதாரணமாகத் தெரியும் படம் ஒரு வீட்டுக்கு மிஞ்சிய ஒரே படமாக இருக்கலாம். அதனால்தான் கண்டெடுத்த எதையும் குப்பையில் போடக்கூடாது என்கிறேன்.

கே: அந்நியர் படங்களை வைத்துக் கண்காட்சி, புத்தகம் என்றெல்லாம் போடுகிறார்களே. அது சரியா?
– ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

ப: எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டச்சுக்காரர் எரிக் கெசல்ஸ், பார்சலோனா பழைய பொருள் சந்தையில் கிடைத்த படங்களை 2002-ல் புத்தகமாக்கினார். ஒரு கணவர் 1956-லிருந்து 1968 வரை பயணங்களில் தன் மனைவியை எடுத்துத் தள்ளிய படங்கள். பிரான்ஸைச் சேர்ந்த தாமஸ் சோவின், பெய்ஜிங்கில் எக்ஸ்ரே தகடுகளோடு சேர்த்து வெள்ளிக்காக உருக்கப்படவிருந்த நெகட்டிவ்களை 2009-லிருந்து கிலோ கணக்கில் வாங்கி, 5 லட்சத்துக்கு மேல் காப்பாற்றினார். அவர் வாங்காவிட்டால் ஒரு தலைமுறையின் கடற்கரை நாட்கள் அமிலத் தொட்டியில் கரைந்திருக்கும். காப்பாற்றியதற்கு என் வணக்கம். ஆனால் படத்தில் இருப்பவர் உயிரோடிருந்து, எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். கலை அதற்குப் பிறகுதான்.

கே: நம் ஊரில் இப்படிக் காப்பாற்றியவர்கள் உண்டா?
– பத்திரிகையாளர், புதுச்சேரி

ப: உங்கள் ஊரிலேயே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மானிடவியலாளர் ஸோயி ஹெட்லி குழுவினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்தார்கள். 1880-லிருந்து 1980 வரையிலான காலம் அவர்கள் எல்லை. ஸ்டூடியோ மூடியதும் நெகட்டிவ்களை வெள்ளிக்காக விற்ற கதை நம் ஊரிலும் உண்டு. குடும்பப் படங்களையும் அவற்றின் கதைகளையும் சேர்க்க, அனுஷா யாதவ் 2010-ல் இந்திய நினைவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

கே: எதிர்பாராத இடத்தில் கிடைத்த இந்தியப் படங்கள்?
– வரலாறு மாணவி, திருச்சி

ப: 2012-ல் எடின்பரோவில், ஸ்காட்லாந்தின் தொல் நினைவுச்சின்ன ஆணையத்தின் சேகரிப்பில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே 1914-ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் சுற்றிய 178 கண்ணாடி நெகட்டிவ்கள். ஐந்தாம் ஜார்ஜ் வருகைக்காக விளக்கேற்றி நின்ற கல்கத்தாக் கட்டடங்களும் அவற்றில் இருந்தன. பீரோவின் மேல் தூசி படிந்த பெட்டி எதையும் திறக்காமல் தூக்கிப் போடாதீர்கள் என்று இதற்குமேல் எப்படிச் சொல்வது?

கே: பழைய படங்களில் ஒரு இடத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அவ்வளவு கஞ்சத்தனமா?
– பிளஸ் டூ மாணவர், ஊட்டி

ப: சிக்கனம். அக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். ரோல் வாங்க ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, அச்சுக்கு ஒரு செலவு. மத்திய அரசு 1960-ல் உங்கள் ஊரில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்ததால்தான் நம் நாட்டில் பலருக்கு அது எட்டியது. பன்னிரண்டில் ஒன்றைப் படகுக்கு ஒதுக்கினார்கள் என்றால், அந்தப் படகுப் பயணம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

கே: பாதி அழிந்த முகத்தை செயற்கை நுண்ணறிவு வைத்துச் சரிசெய்து கொடுக்கலாமா?
– கிராபிக்ஸ் டிசைனர், கோவை

ப: கீறலை எடுக்கலாம், வெளிறிய நிறத்தை மீட்கலாம். இல்லாத கண்ணையும் மூக்கையும் அது கற்பனை செய்து வரையும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேறொருவர். அப்பாவின் முகம் மறந்துகொண்டிருக்கும் மகளிடம் அதைக் கொடுத்தால், மிஞ்சிய நினைவும் மாறிப்போகும். மூலப் படத்தின் ஸ்கேனையும் சேர்த்துக் கொடுங்கள். எது எது என்று எழுதியும் கொடுங்கள்.

கே: ஊரை விட்டு வரும்போது ஆல்பத்தை எடுத்துவர முடியவில்லை. இனி வழியில்லையா?
– ஈழத்திலிருந்து வந்த வாசகி, திருச்சி

ப: இருக்கிறது, அம்மா. போரில் ஆல்பத்தை இழந்த பல குடும்பங்களுக்கு, லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் கடிதத்தோடு அனுப்பிய பிரதிகளே திரும்பக் கிடைத்தன. நீங்கள் யார் யார் கல்யாணத்துக்குப் போனீர்கள், எந்தப் பள்ளியில் கூட்டமாக நின்று படம் எடுத்தீர்கள், எந்தக் கோயில் திருவிழாவில் எந்த உறவினர் கேமரா வைத்திருந்தார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். உங்கள் படம் உங்கள் வீட்டில் இருந்தது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பிறர் வீடுகளிலும் நீங்கள் இருக்கிறீர்கள்.

கே: போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. இனி படம் தொலைகிற பேச்சே இல்லையே?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

ப: போன் உடைந்தால்? பாஸ்வேர்டு தெரிந்தவர் காலமானால்? தொலைந்த ஆல்பத்தை வழிப்போக்கர் பிரித்துப் பார்ப்பார். பூட்டிய போனை அவரால் திறக்க முடியாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களை அச்சடித்து, பெயர், ஊர், ஆண்டு எழுதிய உறையில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்தின் ஒரு ரோல், அவ்வளவுதான்.

கே: என் அப்பா 90-களில் இங்கே சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டினார். இப்போது இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் தவிர எதுவும் இல்லை. உங்கள் பக்கத்தைப் படிப்பவர்களிடம் கேட்டுச் சொல்வீர்களா?
– மீனவர், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம்

ப: கேட்கிறேன் தம்பி, இப்போதே.

வாசகர்களே, 2011-க்கு முன்பு பழவேற்காட்டில் படகேறியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை இறக்குங்கள். உங்கள் முகத்தைத் தாண்டி ஓரத்தைப் பாருங்கள். கழி பிடித்தவர், வலை உலர்த்தும் பெண், படகைத் தள்ளிவிட்ட சிறுவன், மீன் பொரித்துக் கொடுத்த அக்கா – யார் இருந்தாலும் அந்தப் படத்தை ஸ்கேன் செய்யுங்கள். வந்த ஆண்டு, மாதம், எந்தக் கரையில் படகேறினீர்கள், அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நினைவிருப்பதை எழுதுங்கள். பிரதி எடுத்து அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டுபோங்கள். குப்பத்தின் ஊர்ப் பெரியவர்களிடமோ, மகிமை மாதா கோயிலிலோ, பள்ளியிலோ, மீன் ஏலக் கரையிலோ காட்டுங்கள். சின்ன ஊர்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ‘இது இன்னாருடைய அப்பா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உங்கள் குடும்பத்தவர் முகம் வெளியே போக வேண்டாம் என்றால், அவர் நிற்கும் பகுதியை மட்டும் வெட்டி அச்சடியுங்கள்.

தம்பி, நீங்களும் ஒன்று செய்யுங்கள். அப்பா ஓட்டிய படகின் நிறம், அதில் எழுதியிருந்த பெயர், அவர் வழக்கமாகக் கட்டும் தலைப்பாகை, எந்தத் துறையில் நிற்பார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முகம் மங்கிய படத்தில் படகுதான் அடையாளம் சொல்லும்.

கே: இனி பழவேற்காட்டுக்குப் போனால் என்ன படம் எடுக்கலாம்?
– புதுமணத் தம்பதி, தாம்பரம்

ப: ஏரி, பூநாரை, கல்லறை எல்லாவற்றையும் எடுங்கள். கரையில் யாராவது படத்துக்குள் வந்தால், ‘அண்ணே, எடுக்கலாமா?’ என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் அவரை நடுவில் நிறுத்தி ஒன்று எடுங்கள், பெயரும் விலாசமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அச்சடித்துத் தபாலில் அனுப்புங்கள். அச்சுச் செலவு ஒரு டீ விலைக்குள் முடியும்.